வாக்கியக் கணக்கும் தளராத உள்ளமும்



ஆரணி என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது பட்டு. கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரிலும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பட்டுச் சேலை நெய்து வருகிறார்கள். தறியின் ஓசையைக் கேட்டுக்கொண்டே வளர்ந்து, இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் கணித ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலம் முழுவதும் மாணவர்களிடமிருந்து ஓயாமல் கேட்டு வந்த முறையீடு ஒன்று உண்டு. “கணக்கு வருகிறது சார், வாக்கியக் கணக்குதான் வரவில்லை” என்பதே அது. வெறும் எண்களாகக் கொடுத்தால் பெருக்கிவிடுவார்கள், வகுத்துவிடுவார்கள். அதே கணக்கை நான்கு வாக்கியங்களில் ஒரு செய்தியாகச் சொன்னால் முகம் வாடிவிடும். இதற்குக் காரணம் என்ன? இதனின்று மீள வழி என்ன? இவற்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் என் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் என் ஒன்பதாம் வகுப்பில் நெசவாளர் குடும்பத்து மாணவன் ஒருவன் இருந்தான். விகிதமும் சதவீதமும் நன்றாகவே அறிந்தவன். ஆனால் வாக்கியக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பேனாவை மூடி வைத்துவிடுவான். ஒரு நாள் நான் பொறுமை இழந்து, “தமிழ் வாக்கியமே புரியாத உனக்குக் கணக்கு எதற்கு?” என்று வகுப்பினர் அனைவர் முன்னும் கேட்டுவிட்டேன். வகுப்பு சிரித்தது. அதன் பின்னர் அவன் என்னிடம் ஐயம் கேட்டதே இல்லை. அவ்வாண்டு முடிவில் பள்ளியைவிட்டு நின்று தறியில் அமர்ந்தான். அதற்கு வீட்டு நிலையும் ஒரு காரணந்தான். ஆயினும் என் சொல்லும் ஒரு காரணம் என்பதை நான் மறுக்க இயலாது.

நெடுங்காலம் கழித்து, என் மகள் திருமணத்திற்குச் சேலை வாங்க அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தது. அப்போது அவர் தறியில் நெய்துகொண்டிருந்தார். பேச்சின் நடுவே பாவில் ஓர் இழை அறுந்தது. உடனே நாடா நின்றது. அவர் முகத்தில் சலிப்பு இல்லை, பதற்றமும் இல்லை. குனிந்து பார்த்தார், அறுந்த முனையைத் தேடி எடுத்தார், முடிந்தார், மீண்டும் நெய்யத் தொடங்கினார். சேலையின் விலையையும் ஜரிகையின் எடையையும் கூலியையும் மனத்திலேயே கணக்கிட்டு எனக்குச் சொன்னார். நான் வெட்கத்தோடு, “இவ்வளவு கணக்கும் உனக்குத் தெரியுமே, அன்று வகுப்பில் ஏன் பேனாவை மூடி வைத்தாய்?” என்று கேட்டேன்.

“இங்கே இழை அறுந்தால் எந்த இடத்தில் அறுந்தது என்று எனக்குத் தெரியும் சார். அங்கே எனக்கு எங்கே அறுந்தது என்றே தெரியவில்லை” என்றார் அவர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பித்த எனக்கு, வாக்கியக் கணக்கின் இரகசியத்தை அந்த மாணவர்தாம் கற்பித்தார். அந்த விடையின் பொருளை விரித்துரைப்பதே இப்பேச்சு.

விழுந்தவர் மீண்டும் எழுவதற்குரிய ஆற்றலைக் கல்வியாளர்கள் இக்காலத்தில் பெரிதும் ஆராய்ந்து வருகிறார்கள். அதை மீண்டெழும் திறன் என்று நாம் சொல்லலாம். திருக்குறளில் ஆள்வினையுடைமை என்பது 62ஆம் அதிகாரம். இடுக்கண் அழியாமை என்பது அதற்கு அடுத்த 63ஆம் அதிகாரம். முயற்சியைச் சொன்ன உடனேயே துன்பத்தில் கலங்காமையைச் சொல்லும் இந்த வரிசை எண்ணிப் பார்க்கத்தக்கது. முயல்பவனுக்குத் தடை வரும். தடை வந்தபோது கலங்காதிருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒருங்கே தேவைப்படும் இடம் வகுப்பறையில் ஒன்று உண்டென்றால், அது வாக்கியக் கணக்குதான்.

ஏன் அப்படி? எண்களாகக் கொடுக்கப்பட்ட கணக்கில் செய்ய வேண்டிய செயல் முன்னரே சொல்லப்பட்டுவிடுகிறது. 36 பெருக்கல் 8 என்றால் பெருக்க வேண்டும், அவ்வளவே. வாக்கியக் கணக்கில் செயல் மறைந்திருக்கிறது. முதன்முறை படிக்கும்போது வழி தெரியாமல் நிற்பது அதன் இயல்பு. அந்த நிலையைக் குறை என்று எண்ணுபவன் உடனே தளர்ந்துவிடுகிறான். இது எல்லோருக்கும் நேரும் நிலைதான் என்று அறிந்தவன் இன்னொரு முறை படிக்கிறான். வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

வாக்கியக் கணக்கு மேல்நாட்டினர் நம்மீது சுமத்திய சுமை என்று எண்ணிவிடாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மகாவீராசாரியர் என்னும் சமணப் பேரறிஞர் கணிதசாரசங்கிரகம் என்ற நூலைச் செய்தார். அதில் நிறைந்திருப்பவை கதை போன்ற கணக்குகளே. அந்நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, அது 1912இல் சென்னையில் வெளிவந்தது. பாஸ்கராசாரியரின் லீலாவதி 1150ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழில் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் நிலம், நெல், பொன் முதலியவற்றின் கணக்குகளைச் செய்யுளாகவே சொல்கிறது. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளைகள் ஊரின் அளவைகளையும் விலைகளையும் வைத்தே கணக்குப் பழகினார்கள். வாழ்க்கை நமக்குக் கணக்கைச் சொற்களில்தான் கொடுக்கிறது. கடைக்காரர் நம்மிடம் கூட்டல் குறியைக் காட்டிப் பேசுவதில்லை அல்லவா?

இனி, இழை எங்கே அறுகிறது என்பதைப் பார்ப்போம். ஆஸ்திரேலிய நாட்டில் ஆன் நியூமன் என்னும் அம்மையார் ஆறாம் வகுப்பு மாணவர்களின் பிழைகளை ஆராய்ந்து, அம்முடிவுகளை 1977இல் வெளியிட்டார். எழுத்தில் தரப்பட்ட கணக்கைச் செய்து முடிக்க ஒரு மாணவன் ஐந்து படிகளைக் கடக்க வேண்டும் என்று அவர் கண்டார். முதற்படி, படித்தல், அதாவது சொற்களையும் குறிகளையும் பிழையின்றி வாசித்தல். இரண்டாம் படி, பொருளுணர்தல். எது கொடுக்கப்பட்டது, எது கேட்கப்பட்டது என்று அறிதல். மூன்றாம் படி, மாற்றுதல். சொற்களில் உள்ளதைக் கணிதச் செயலாக ஆக்குதல். நான்காம் படி, செய்தல். கூட்டல், கழித்தல் முதலியவற்றைப் பிழையின்றி முடித்தல். ஐந்தாம் படி, விடையைக் கேட்ட கேள்விக்கு ஏற்ற வடிவில் எழுதுதல்.

இந்த ஆராய்ச்சியின் சிறப்பு எதுவென்றால், பிழைகளில் பெரும்பகுதி நான்காம் படிக்கு வருமுன்பே நேர்ந்துவிடுகிறது என்று அது காட்டியதுதான். “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லும் மாணவனுக்குப் பல சமயங்களில் கணக்கு வருகிறது. அவனுடைய இழை அதற்கு முன்னரே வேறோரிடத்தில் அறுந்திருக்கிறது. அவனோ தன் அறிவு முழுவதையும் பழிக்கிறான்.

சிறிய எடுத்துக்காட்டு ஒன்று. “அக்காவிடம் 12 நூற்கண்டுகள் உள்ளன. இது தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம். தங்கையிடம் எத்தனை?” இக்கணக்கைக் கொடுத்தால் பலர் 17 என்று விடை எழுதுகிறார்கள். அதிகம் என்ற சொல்லைக் கண்டவுடன் கூட்டிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். அறுந்தது பொருளுணரும் இடத்தில். யாரிடம் அதிகம் என்று ஒரு கணம் நின்று கேட்டிருந்தால், விடை 7 என்பது தானே விளங்கியிருக்கும்.

இன்னொரு கணக்கைக் கேளுங்கள். நான் முன்பு சொன்ன நெசவாளரின் மகள் பத்தாம் வகுப்பில் படித்தபோது, மாலை வேளைகளில் என்னிடம் கணிதம் கற்க வந்தாள். தந்தை அஞ்சிய அதே இடத்தில் மகளும் அஞ்சினாள். அவளுக்கென்று அவள் வீட்டுத் தறியையே வைத்து ஒரு கணக்கு அமைத்தேன். “ஒரு பாவில் 3 சேலைகள் நெய்யலாம். ஒரு சேலை நெய்ய 4 நாட்கள் ஆகும். ஒரு பாவு தீர்ந்தபின் புதிய பாவைப் பிணைத்து ஆயத்தம் செய்ய 2 நாட்கள் ஆகும். முதற் பாவு இப்போது தறியில் ஆயத்தமாக இருக்கிறது. 8 சேலைகள் நெய்து முடிக்க எத்தனை நாட்கள் வேண்டும்?”

அவள் முதலில் 38 என்றாள். நான் தவறு என்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. “எங்கெங்கே எத்தனை நாட்கள் என்று தறியில் உட்கார்ந்திருப்பது போல எண்ணிச் சொல்” என்றேன். 8 சேலைக்கு 32 நாட்கள் என்றாள், அது சரி. 8 சேலைக்கு மூன்று பாவுகள் வேண்டும் என்றாள், அதுவும் சரி. மூன்று பாவுக்கு 6 நாட்கள் என்று தொடங்கியவள் சட்டென்று நின்றாள். “முதற் பாவுதான் ஏற்கெனவே தறியில் இருக்கிறதே சார்! இரண்டு தடவைதானே பிணைக்க வேண்டும்?” என்றாள். 32உடன் 4ஐக் கூட்டி 36 என்று விடை எழுதினாள். நான் அவளுக்கு எதையும் கற்பித்துவிடவில்லை. இழை அறுந்த இடத்தை அவளே கண்டாள், அவளே முடிந்தாள். அவள் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை, நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் முகத்திலும் நான் அதிகம் கண்டதில்லை.

வழி தெரியாத நிலையில் மாணவர்கள் இரண்டு விதமாகத் தப்பி ஓடுகிறார்கள். ஒன்று, இடத்தை வெறுமையாக விட்டுவிடுவது. மற்றொன்று, கண்ணில் பட்ட எண்களையெல்லாம் எடுத்துக் கூட்டியோ பெருக்கியோ ஒரு விடையை எழுதிவிடுவது. முதலாவதை ஆசிரியர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். இரண்டாவது ஓட்டம் உழைப்பைப் போலத் தோன்றுவதால் அதை ஓட்டம் என்று யாரும் அறிவதில்லை.

பிரான்சு நாட்டில் கிரெநோபிள் நகரத்துக் கணித ஆசிரியர்கள் 1980ஆம் ஆண்டை ஒட்டிச் சிறு குழந்தைகளிடம் ஒரு விந்தையான கேள்வியைக் கேட்டார்கள். “ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவனின் வயது என்ன?” இதற்கு விடையே இல்லை. ஆயினும் பெரும்பாலான குழந்தைகள் எண்களைச் சேர்த்து ஏதோ ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவில் 1982-83ஆம் கல்வியாண்டை ஒட்டி நடந்த தேசிய மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களுக்கு இப்படி ஒரு கணக்கு வந்தது: ஒரு பேருந்தில் 36 வீரர்கள் செல்லலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? சுமார் 70 விழுக்காட்டினர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 32 பேருந்துகள் என்ற சரியான விடையைத் தந்தவர்கள் 23 விழுக்காட்டினரே. 29 விழுக்காட்டினர் “31, மீதி 12” என்று எழுதினார்கள். மீதிப் பன்னிரண்டு வீரர்கள் சாலையில் நிற்கிறார்களே என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இங்கே இழை அறுந்தது ஐந்தாம் படியில்.

ஏன் இந்த அவசரம்? அச்சத்தினால்தான். மனத்தில் எண்களையும் செய்திகளையும் சிறிது நேரம் ஏந்தி வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஆற்றல் நம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு ஓர் அளவும் உண்டு. கணித அச்சம் அந்த இடத்தையே பிடித்துக்கொள்கிறது என்பதை ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனைகளால் காட்டினார்கள். ‘எனக்கு வராது, எனக்கு வராது’ என்று உள்ளே ஒரு குரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, மூன்று பாவு, இரண்டு பிணைப்பு என்பதை ஏந்த இடம் ஏது? ஆதலால் அஞ்சுகிற மாணவனை அறிவில்லாதவன் என்று சொல்வது பெரும் பிழை. அந்தப் பிழையைச் செய்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஏந்த இடம் போதவில்லை என்றால் தாளைத் துணைக்கு அழையுங்கள். கொடுக்கப்பட்டதை ஒரு பக்கம், கேட்கப்பட்டதை ஒரு பக்கம் எழுதுங்கள், படம் வரையுங்கள். மனத்தின் சுமை தாளுக்கு இறங்கினால் அச்சமும் சற்றே இறங்கும்.

இந்த இடத்தில் நம் சீனிவாச இராமானுஜனின் நினைவு வருகிறது. 1914ஆம் ஆண்டு டிசம்பரில் கேம்பிரிட்ஜில் அவர் அறையில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். வங்காளத்திலிருந்து அங்குப் படிக்கச் சென்றிருந்த பிரசாந்த சந்திர மகலநோபிஸ் ஸ்டிராண்டு என்னும் சஞ்சிகையில் வந்த வாக்கியக் கணக்கு ஒன்றைப் படித்துக் காட்டினார். பெல்ஜியத்தின் லூவேன் நகரில் ஒரு நீண்ட தெரு. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண்கள். ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல் 500க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? இராமானுஜன் அடுப்பைவிட்டு நகராமலே ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்று, இவ்வாறு அமையக்கூடிய எல்லாத் தெருக்களுக்கும் அதில் விடை இருந்தது.

இக்கதையை மேடைகளில் பலர் சொல்வார்கள். கேட்கும் மாணவர்கள், ‘கணக்கு என்றால் மின்னல் போல வர வேண்டும், எனக்கு வரவில்லை, ஆகவே நான் கணக்குக்கு உரியவன் அல்லேன்’ என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார்கள். கதையில் விட்டுப்போகும் பகுதிகள் இரண்டு. அந்தக் கணக்கை இராமானுஜனிடம் சொல்லுமுன் மகலநோபிஸ் தாமே அதற்கு விடை கண்டிருந்தார். எப்படி? ஒவ்வோர் எண்ணாக வைத்துப் பார்த்து, தவறி, மீண்டும் வைத்துப் பார்த்துத்தான்! அதை அவர் இழுக்கு என்று கருதவில்லை. அவரே பின்னர் 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். நம் நாட்டின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடித்தளம் வகுத்தார். தட்டுத் தடுமாறி விடை காண்பது சிறியோர் செயல் அன்று.

மற்றொன்று, இராமானுஜனின் முன்வரலாறு. கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர் அவர். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற இயலவில்லை. பட்டம் இல்லாமல், வேலை இல்லாமல், பலகையில் எழுதி முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, மீண்டும் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் பதித்துக்கொண்டிருந்த ஆண்டுகள் பல. 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் ஆனார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்னர் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் வேறு சிலருக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. அடுப்பருகே தோன்றிய அந்த மின்னலுக்குப் பின்னால் அழிக்கப்பட்ட பலகைகள் எத்தனை! அவருடைய மேதைமை நமக்கு வாய்க்காமல் போகலாம். அழித்துவிட்டு மீண்டும் எழுதும் பழக்கம் யாருக்கும் வாய்க்கும்.

இராமானுஜன் பிறந்த அதே 1887 டிசம்பரில், அவருக்கு ஒன்பது நாட்களுக்கு முன்னர், அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர் ஜார்ஜ் போல்யா. கணக்கை எவ்வாறு அணுகுவது என்பது பற்றி 1945இல் அவர் வெளியிட்ட நூல் உலகெங்கும் ஆசிரியர்களுக்கு வழிகாட்டியாயிற்று. கணக்கைப் புரிந்துகொள், திட்டம் வகு, திட்டத்தைச் செயற்படுத்து, திரும்பிப் பார் என்னும் நான்கு படிகளை அவர் வகுத்தார். ஒரு கணக்கு வசப்படாவிட்டால், அதைப் போன்ற எளிய கணக்கு ஒன்றை முதலில் செய்து பார் என்பதும் அவர் அறிவுரை.

அதை அந்த லூவேன் தெருவிலேயே சோதித்துப் பாருங்கள். நூற்றுக்கணக்கான வீடுகளை மறந்துவிடுங்கள். எட்டு வீடுகள் உள்ள ஒரு சந்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஆறாம் வீட்டின் இடப்பக்கம் 1, 2, 3, 4, 5, கூட்டினால் 15. வலப்பக்கம் 7, 8, கூட்டினால் 15. கண்டுகொண்டீர்களா? எட்டு வீடுகளின் எண்களையும் கூட்டினால் 36. அது 6இன் வர்க்கம். இந்த அமைப்பு எல்லாத் தெருவுக்கும் பொருந்தும்: எல்லா எண்களின் கூட்டுத்தொகை அந்த வீட்டு எண்ணின் வர்க்கமாக வர வேண்டும். சஞ்சிகை கேட்ட தெருவில் 288 வீடுகள். விடை 204ஆம் வீடு. இடையிலே 49 வீடுகள் உள்ள தெரு ஒன்றும் இவ்வாறே அமையும்; அதில் எந்த வீடு என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். உடனே வராவிட்டால் கவலை இல்லை. இரவு உறங்கி எழுந்து காலையில் மீண்டும் பாருங்கள்.

மீண்டெழும் திறனைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். “திடமாக இரு” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தனியே விட்டுவிடுவது அறமன்று. இரவெல்லாம் தார் சுற்றிவிட்டு வரும் பிள்ளைக்கு உறக்கம் வேண்டும். பசித்த பிள்ளைக்கு உணவு வேண்டும். 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் கணிதத்திற்கும் செய்த தொண்டுகளே என்பது என் கருத்து.

அமெரிக்காவின் ஹவாயித் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் உளவியல் அறிஞரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். வறுமையும் குடும்பத் துன்பமும் மிகுந்த சூழலில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் நம்பிக்கையும் உள்ள பெரியவர்களாக உருவானார்கள். அவர்களைக் காத்தவை எவை என்று ஆராய்ந்தபோது தெளிவாகத் தெரிந்த ஒன்று, அவர்கள்மீது மாறாத அக்கறை காட்டிய ஒருவரேனும் இருந்தார் என்பது. அவர் பாட்டியாக இருக்கலாம்; அண்டை வீட்டாராக இருக்கலாம்; ஆசிரியராகவும் இருக்கலாம். அறுந்த இழையை முடியும் வித்தையை நெசவாளர் தாமாகக் கற்பதில்லை. பக்கத்தில் அமர்ந்து கைபிடித்துக் காட்டிய ஒரு மூத்தவர் இருந்தே இருப்பார். கணக்கிலும் அப்படித்தான். உங்கள் வகுப்பில் தயங்கும் தோழனுக்கோ தோழிக்கோ விடையைக் காட்டாதீர்கள், பக்கத்தில் அமர்ந்து, “இதுவரை உனக்கு எது புரிந்தது? எந்த இடத்தில் நின்றாய்?” என்று கேளுங்கள். அந்த ஒருவராக நீங்களே ஆகலாம்.

இறுதியாக, செய்வதற்கு எளிய பயிற்சி ஒன்று. கணித ஏட்டில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சிறிது இடம் விடுங்கள். வாக்கியக் கணக்கு ஒன்று தவறினால், விடையை அடித்துவிட்டு வேறொருவருடையதைப் பார்த்து எழுதாதீர்கள். படித்ததிலா, பொருள் கொண்டதிலா, செயலைத் தேர்ந்ததிலா, செய்முறையிலா, விடையை எழுதியதிலா, எங்கே தவறினீர்கள் என்று அந்த ஓரத்தில் ஒரு சொல்லில் குறித்து வையுங்கள். ஒரு திங்கள் சென்றபின் அந்தக் குறிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். பலருக்கு இழை ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்ப அறுந்திருக்கும். ‘எனக்குக் கணக்கு வராது’ என்னும் பெரிய இருள், ‘நான் கேள்வியின் கடைசி வரியைப் படிப்பதில்லை’ என்னும் சிறிய குறையாகச் சுருங்கிவிடும். சிறிய குறையைத் திருத்த யாருக்குத்தான் இயலாது?

பாவில் அறுந்த இழையைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால், அந்தப் பழுது துணியின் நீளம் முழுதும் கோடாக ஓடும். அறுந்தவுடனே நிறுத்தி முடிந்தால், நெய்தபின் அந்த இடம் கண்ணுக்குத் தெரிவது அரிது. அந்த நெசவாளரின் மகள் தன் ஏட்டின் ஓரத்தில் இவ்வாறே குறித்து வந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வில் தேறினாள். மேல்நிலை வகுப்பில் கணிதத்தையே விரும்பி எடுத்தாள். அந்தச் செய்தியைச் சொல்ல வந்த தந்தை அந்த ஏட்டை என்னிடம் நீட்டினார். பக்கந்தோறும் பிழைகள், பக்கந்தோறும் ஓரத்தில் ஒரு சொல். “என் வகுப்பில் இது இல்லையே சார்” என்றார். நான் மறுமொழி சொல்ல இயலாமல் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மாணவ மாணவியரே, உங்கள் வகுப்பில் இது இருக்கட்டும்.